முப்பத்திரண்டு பேருக்கு வெளியே

விரல் வெள்ளைக்குள் இறங்குகிறது, முதலில் ஒரு மா, அதையடுத்து ர, அதற்குள் விரல்நுனி விறைத்துப்போகிறது, இல்லை, விறைக்கவில்லை, இது கோவை பீளமேட்டில் அவள் வீட்டு மொட்டைமாடி, மாசி வெயில், முறுக்குக்காக மில்லில் அரைத்து வந்து வேட்டியில் பரப்பிய ஈர மாவு, கோகிலவாணி கையை இழுத்துக்கொள்கிறாள், எழுதியதை உள்ளங்கையால் தடவி அழிக்கிறாள், கைப்பிடிச் சுவரில் வைத்த போனில் பெங்களூரிலிருந்து மகள் சிந்துஜா பேசிக்கொண்டே இருக்கிறாள், அம்மா, உங்ககிட்டக் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், கேக்காமப் போனா அது இன்னும் தப்புன்னு தோணுச்சு, நானும் அவரும் மணாலி போலாம்னு இருக்கோம், பனியில சறுக்கக் கத்துக்கணுமாம் அவருக்கு, ரூமு, டிக்கெட்டு, சொல்லிக்குடுக்கற ஆளு எல்லாம் நாமளே புக் பண்ணிக்கலாம்ங்கறாரு, பேக்கேஜ்னாத்தான் வருவேன்னு நான் சொல்லிட்டேன், நீங்க என்னம்மா சொல்றீங்க.

என்ன சொல்வது, இதே கேள்வி இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் வந்தது, அப்போது பேக்கேஜ் கேட்டது அவள் கணவர் சிவராஜ், முப்பது வருஷம் சொந்த ஃபவுண்டரியில் உலைக்கு முன்னால் நின்றவர், புருவம் எப்போதும் பாதி கருகியே இருக்கும், ஒரு தடவையாச்சும் பனியில நிக்கணும் வாணி, நின்னா மட்டும் பத்தாது, சறுக்கோணும் என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் டிராவல்ஸ் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரிக்கிறார், குல்மார்க், ஆறு நாள், விமானம், ஓட்டல், கம்பளிக் கோட்டு, சறுக்குக் கட்டை, கற்றுக்கொடுக்க ஆள், எல்லாம் அவர்கள் பொறுப்பு, கூடவே நம்ம ஊர்ச் சமையல்காரர் ஒருத்தர், அவள் சிரித்தாள், பனிமலைக்குப் போயும் ரசமாங்க. நாலு பேரோட போனா நாம எங்க நிக்கறோம்னு நாலு பேருக்குத் தெரியும் வாணி. எனக்கு அந்த நாலு பேர்தான் வேண்டாமுங்க என்றாள், காசு கூடக் குறைய என்பதல்ல விஷயம், இருபத்தேழு வருஷத்தில் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து ஒரு ஊருக்குப் போனதில்லை, கல்யாணமான புதிதில் போன கொடைக்கானலுக்கே நாத்தனார் பிள்ளைகள் மூன்று கூட வந்து நடுவில் படுத்துக்கொண்டன, மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று, இனியாவது ஒரு வாரம் அந்த மனுஷன் அவளுக்கு வேண்டியிருந்தார், ஆசைதான், அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பஸ்ல அந்தாக்ஷரி பாடுவாங்க, எனக்குத் தலை வலிக்கும் என்று காரணம் சொன்னாள்.

ஆகவே அவளே எல்லாம் செய்தாள், மத்தியானங்களில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனும் கையுமாக உட்கார்ந்து, விமானம் ஒரு இடத்தில், அறை ஒரு இடத்தில், கேபிள் காருக்குத் தனியாக, பார்க்க வருகிறவர்களிடம் அவர், எங்க டிராவல்ஸ் ஓனரம்மா இவங்கதானுங்க என்று காட்டுவார், அவளுக்கு உள்ளூரப் பெருமை பிடிபடவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான், அந்தக் கேபிள் கார் டிக்கெட்டில், விரல் நின்றது, பெயரை இரண்டு கட்டத்தில் கேட்டது, குடும்பப் பெயர் என்று ஒன்று, நமக்கு ஏது குடும்பப் பெயர், மா. சிவராஜ், அவ்வளவுதான், ஒற்றை எழுத்தைப் போட்டால் சிவப்பாக எழுதிக்காட்டி மறுத்தது, அதனால் மா என்ற எழுத்தை விரித்து மாமனாரின் முழுப் பெயரைப் போட்டாள், அந்தப் பெயரை அவள் வாய் சொன்னதே இல்லை, ரேஷன் கடையில் கேட்டால் கார்டைக் காட்டுவாள், அதே பெயரில் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர் வருவார், அவரையும் பைப்புக்காரரே என்றுதான் கூப்பிடுவாள், அவர் அதற்கே கோபித்துக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுப் போனதுண்டு, மாமனார் போய்ப் பதினோரு வருஷமாகியும் பழக்கம் போகவில்லை, வாயால்தானே சொல்லக் கூடாது, விரலால் எழுதினால் என்ன என்று எழுதி முடித்தாள், அடுத்து என்று அமுக்கினாள், அதோடு அதை மறந்தும் போனாள்.

இப்போது வெயில் மாவில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது, அங்கேயும் இப்படித்தான் கூசியது, இரண்டாம் நாள், வாடகைப் பூட்ஸ் கடித்துக் கால் புண்ணாகி அவள் கீழே டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள், போனு பனியில விழுந்துரும், நீயே வெச்சுக்க என்று அவள் பையில் போட்டுவிட்டுக் கேபிள் காரில் ஏறிப் போனார், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார், உலையின் வெக்கை பட்டுப் பட்டுக் கறுத்த அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, எதிரே பீளமேட்டு பேக்கேஜ்காரர்கள், அவர் நோட்டீஸ் கொண்டுவந்த அதே டிராவல்ஸ், நோட்டீஸில் இருந்த அதே மஞ்சள் கொடி, அவர்களின் மேனேஜர் ஜெகதீசன் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைகளை எண்ணுகிறார், ஒன்னு, ரெண்டு, மூனு, முப்பத்தொன்னு, முப்பத்திரெண்டு, எல்லாரும் இருக்கீங்க, எண்ணும் விரல் அவளைத் தாண்டிப் போகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளா என்று அவள் மனதுக்குள் கேலி செய்கிறாள். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்தப் பெயர். மாரப்பன். மாரப்பன் கூட வந்தவர்கள் யாராவது. மாமனார் பெயர் காதில் விழுந்ததும் உடம்பு தானாக எழுந்தது, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பனியில் அவள் எழுந்து நிற்கிறாள், மாமா வாசலில் செருப்பைக் கழற்றுகிறார், மோர் எடுத்துவர வேண்டும், சொம்பு எங்கே, இல்லை, செத்துப்போனவரை யார் இங்கே கூப்பிடுவது, உயரத்துக்கு வந்ததில் தலை சுற்றுகிறது போல, உட்கார்ந்துவிட்டாள். ஒரு போலீஸ்காரர் மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார், அவளுக்கு முன்னாலும் நின்றார், மாரப்பன், என்று கேட்டார், அவள் இல்லை என்று தலையாட்டினாள், அவர் அடுத்த மேசைக்குப் போனார், அவள் டீயைக் குடித்தாள்.

முக்கால் மணி நேரமாகியும் அவர் வரவில்லை, கேபிள் கார் கவுண்டரில் போய் சிவராஜ், சிவராஜ் என்று தமிழிலும் கையாலும் கேட்டாள், அப்படி ஒரு ஆள் மேலே போகவே இல்லை என்றார்கள், அழுதுகொண்டே திரும்பியவளை மஞ்சள் கொடி பார்த்துவிட்டது, ஏனுங்கக்கா, என்னாச்சு, கோயமுத்தூருங்களா, அவள் சொல்லச் சொல்ல ஜெகதீசனின் முகம் மாறுகிறது, உங்க வீட்டுக்காரர் அப்பா பேரு என்னங்கக்கா, டிக்கெட்ல அதைத்தான் பெருசாப் போட்டிருப்பான். அந்த நேரத்திலும் வாய் திறக்கவில்லை. குனிந்தாள், பனியில் விரலால் எழுதினாள், மா, ர, விரல் விறைத்தது, மீதியையும் எழுதினாள், அவர் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார், இந்தப் பேரைத்தானுங்கக்கா அப்போதிருந்து கூப்பிட்டுட்டு இருக்காங்க.

உதவி மையம் அந்த டீக்கடைக்குப் பின்பக்கம்தான், நாற்பது அடி இருக்கும், மேலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைச் சறுக்குக் கட்டிலில் கட்டி இறக்கியிருந்தார்கள், சட்டைப் பையில் இருந்த சீட்டில் பார்த்த பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள், அவர் உயிர் போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது. டாக்டர் நல்ல மாதிரி, முன்பே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஜெகதீசனிடம் சொன்னார், ஜெகதீசன் அதை அவளுக்குத் தமிழில் சொன்னார், அது ஆறுதல், ஆனால் டாக்டர் இன்னொன்றும் கேட்டார், கடைசி வரைக்கும் நினைவோடுதான் இருந்தார், வாணி வாணி என்றே சொல்லிக்கொண்டிருந்தார், உங்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம், எங்கள் பானி மாதிரி தண்ணீரா.

அதற்குப் பிறகு எல்லாம் பேக்கேஜ்காரர்கள்தான், பெட்டி, விமானம், கையெழுத்து, அவள் எதிர்த்துப் பேசிய அத்தனையும் அவளுக்கு நடந்தது, அன்று சாயங்காலம் அந்தச் சமையல்காரர் டம்ளரில் ரசம் கொண்டுவந்து கையில் வைத்தார், குடிங்கம்மா, ஊரு போய்ச் சேர மூணு நாளாகும், குடித்தாள், நன்றாக இருந்தது, நன்றாக இருந்ததே என்று இன்றுவரை அவளுக்கு ஆறவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது என்றார்கள், ஆமாம் என்றாள், பேக்கேஜ்ல போயிருந்தாத் தலைய எண்ணும்போதே தெரிஞ்சிருக்கும்மா என்று சிந்துஜா ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவளிடமும் சொல்லவில்லை, தலையாட்டியதை யாரிடமும் சொல்லவில்லை, இரண்டு வருஷமாக அந்தப் போலீஸ்காரர் வந்து நிற்கிறார், குளிக்கும்போது, கேஸ் பற்றவைக்கும்போது, இவள் தலையாட்டுகிறாள், அவர் அடுத்த மேசைக்குப் போகிறார்.

அம்மா, லைன்ல இருக்கீங்களா. இருக்கேன் சாமி. தனியாவா, பேக்கேஜாம்மா, சொல்லுங்க. எப்படி வேணாலும் போங்க கண்ணு, அது இல்ல, எனக்கு ஒன்னு சொல்லோணும், அன்னைக்கு மைக்குல கூப்பிட்டது எனக்குக் கேட்டுது, நல்லாவே கேட்டுது, போலீஸ்காரர் எம் முன்னாடி வந்து நின்னே கேட்டாரு, மாரப்பன்னு கேட்டாரு, நான் இல்லைன்னு தலையாட்டிட்டேன், உங்கப்பா செவுத்துக்கு அந்தப் பக்கம் என்னையக் கூப்பிட்டுட்டு இருந்தாரு, நான் டீ குடிச்சிட்டு இருந்தேன். போனுக்குள் பெங்களூரில் எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்து ஓய்ந்தது, பிறகு மகளின் குரல், உடைந்து, மெதுவாக, அம்மா, தாத்தா பேரைச் சொல்லிட்டீங்க.

சொல்லிட்டேன், என்கிறாள் கோகிலவாணி, மாவின் பக்கம் திரும்புகிறாள், விரல் வெள்ளைக்குள் இறங்குகிறது, வெதுவெதுப்பாக இருக்கிறது, ஐந்து எழுத்தையும் எழுதுகிறாள், இந்த முறை அழிக்கவில்லை, எழுதியதை ஒரு தரம் வாய்விட்டுப் படிக்கிறாள், பிறகு எழுந்து நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, இங்கதானுங்க இருக்கேன் என்கிறாள்.