எங்க நோவுது

பொம்மைக்குக் கைகால் இல்லை. தலையும் நெஞ்சும் மட்டும்தான். நெஞ்சுக்குள் இருந்த சுருள்வில்லின் ஒரு பக்கம் செத்துப்போயிருந்ததால் அமுக்கும்போது இடப்பக்கம் மட்டுமே உள்ளே போனது. சிபானா சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டு, உள்ளங்கை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் போயிருந்தது. வேர்வை மூக்கு நுனியில் திரண்டு பொம்மையின் கழுத்தில் சொட்டியது. மற்றவர்கள் சுவரோரமாகத் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

"முழங்கைய மடக்காதீங்க மகள்," என்றார் றவூப் சேர். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். "பாரம் தோள்ல இருந்து வரணும். களைச்சா ஆள மாத்துங்க, ஆனா நிப்பாட்டக்கூடாது. நீங்க நிக்கிற நேரத்தில அந்தாள்ட மூளை சாகுது."

பக்கத்தில் குந்தியிருந்த பஸ்தியான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். அவள் கையை எடுத்த கணமே அவன் கை அங்கே இருந்தது. பொம்மையின் நெஞ்சு நிற்காமல் ஏறி இறங்கியது.

பாலாவிச் சந்திக்குப் பக்கத்தில், சீமெந்துக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சமூகக் கல்லூரி. அவசர சிகிச்சை உதவியாளர் பயிற்சி, தமிழ்மொழி மூலம், முடித்ததும் அம்புலன்ஸில் வேலை என்று பள்ளிவாசல் மதிலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் சிபானா சேர்ந்தாள். உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் வீட்டில் இருந்தவள். வீடு இருந்த குடியிருப்பை ஊரார் இன்னும் 'முகாம்' என்றே சொன்னார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்கள் ஓலைக் கொட்டில் போட்ட இடம் அது. கொட்டில்கள் கல்வீடாகிவிட்டன. யுத்தமும் முடிந்து பல வருடம் போய்விட்டது. பெயர்தான் போகவில்லை.

அவளுடைய உம்மா ஹவ்வா உப்பளத்தில் வேலை செய்தாள். வாப்பா மௌத்தாகிப் போன பிறகு தொடங்கிய வேலை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதத்தோல் வெள்ளையாக ஊறி, விரலிடுக்குகள் வெடித்திருந்தன. ஒவ்வொரு மாலையும் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் சுற்றிக்கொள்வாள். மகளுக்குப் பேசிவந்த ஒரு சம்பந்தம், 'ஆம்பிளையளோட வாகனத்தில திரியிற வேலையாமே' என்று தயங்கியபோது, ஹவ்வா கால் துணியை அவிழ்த்துக்கொண்டே, "அப்ப நீங்க வேற இடத்தில பாருங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தமிழ்மொழி மூலம் என்பது சில வாரங்களில் முடிந்துபோயிற்று. தமிழில் படிக்க வந்தவர்கள் குறைவு என்று கல்லூரி முகாமையாளர் தமிழ், சிங்கள வகுப்பு இரண்டையும் ஒன்றாக்கினார். றவூப் சேர் செய்முறைக்கு மட்டும் வந்தார். மற்றதெல்லாம் சிங்களத்தில் நடந்தது. சிபானாவுக்குச் சிங்களம் வாயில் இருந்தது, கையில் இல்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் சரளமாகக் கதைப்பாள். எழுத்தென்றால் பலகைகளில் இருப்பதைக் கூட்டிக்கூட்டி வாசிக்குமளவுக்குத்தான் தெரியும்.

"பரீட்சைத் தாள் தமிழில வரும். அதுக்குப் பயப்பட வேணாம்," என்றார் முகாமையாளர்.

செய்முறைப் பயிற்சிக்கு அவளை அம்புலன்ஸில் போட்டார்கள். பயிலுநர் பையைத் தூக்கலாம், பார்க்கலாம், நோயாளியைத் தொடக்கூடாது. வண்டிக்குப் பொறுப்பானவன் பிரியந்த. குளியாப்பிட்டிக்காரன், அதிகம் கதைக்காதவன். சாரதியும் அந்தப் பக்கத்தவர்தான். இருவருக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் ஓடித்திரிந்ததோ பெரும்பாலும் தமிழ் பேசும் ஊர்கள் நிறைந்த கற்பிட்டிப் பாதையில்.

முதல் அழைப்பு எத்தாளையிலிருந்து வந்தது. மீன்பிடிக் குடும்பமொன்றின் மூதாட்டி பாயில் சரிந்து கிடந்தார். பிரியந்த அவர் பக்கத்தில் குனிந்து, எங்கே வலிக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். மூதாட்டி அவனுடைய சீருடையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பிரியந்த திரும்பிச் சிபானாவைப் பார்த்தான்.

அவள் பையை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "எங்க நோவுது உம்மா?"

மூதாட்டி கண்ணைத் திறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சில அம்மிய வச்ச மாதிரி இரிக்கி புள்ள. இந்தக் கை விறைக்குது. விடிய சுபஹு தொழுத நேரத்தில இருந்து. புள்ளையளுக்குச் சொல்லல்ல, கடலுக்குப் போறவன் மனம் கலங்கிப் போகக்கூடாது எண்டு."

சிபானா ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னாள். பிரியந்த கேட்டுக்கொண்டே ஒட்சிசனை மாட்டினான். ஆஸ்பத்திரி போய்ச்சேரும்வரை மூதாட்டி பிடித்த கையை விடவில்லை. தொடக்கூடாது என்ற விதியை யாரும் ஞாபகப்படுத்தவுமில்லை.

அதற்குப் பிறகு எந்த வாசலில் இறங்கினாலும் பிரியந்த முதலில் அவளைத்தான் திரும்பிப் பார்த்தான். வாந்தி எப்போது தொடங்கியது, மாத்திரை எதுவும் போடுகிறாரா, எத்தனையாவது பிள்ளை, தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டதா. கேள்வி சிங்களத்தில் வந்து தமிழில் போனது. பதில் தமிழில் வந்து சிங்களத்தில் போனது. ஆட்கள் நோவை மட்டும் சொல்வதில்லை என்பதை அவள் அங்கேதான் கற்றுக்கொண்டாள். வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வார்கள், வெங்காயம் விலைப்படாததைச் சொல்வார்கள். அதற்குள்ளிருந்து நோவைப் பிரித்தெடுக்க வேண்டும்.

மிளகாய்த் தோட்டமொன்றிலிருந்து அழைப்பு வந்த நாள் அவளுக்கு மறக்காது. தென்னையின் கீழ் ஜவாஹிர் என்ற கூலியாளைக் கிடத்தியிருந்தார்கள். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பூச்சிமருந்தடிக்கும் தாங்கி கொஞ்சம் தள்ளி வாழைக்குள் படுத்துக் கிடந்தது. தோட்ட முதலாளி முத்தலிபு ஹாஜியார் குடையோடு நின்றார்.

"வெயில்ல மயங்கிட்டான் மகள். காலத்தால ஒண்டும் சாப்பிடல்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பிடியே சொல்லுங்க. நீங்க முகாம் ஹவ்வாட மகள்தானே?"

"ஓம் ஹாஜியார்."

நோன்பு காலத்தில் அவர்கள் குடியிருப்புக்கு வரும் அரிசியும் பேரீச்சம்பழமும் ஹாஜியாருடைய லொறியில்தான் வரும். சிபானா குனிந்து ஜவாஹிரின் முகத்துக்குக் கிட்டக் காதை வைத்தாள். அவன் மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"ரெண்டு மருந்து... கலந்து அடிக்கச் சொன்னார். முதுகில ஒழுகிச்சி... கண் தெரியல்ல ராத்தா."

அவன் என்ன சொல்கிறான் என்று பிரியந்த கேட்டான். அவள் ஹாஜியாரைப் பார்க்கவில்லை. மருந்து, இரண்டு விதம், முதுகில் ஒழுகியிருக்கிறது என்று சொன்னாள். பிரியந்த அப்போதே கத்தரிக்கோலை எடுத்துச் சேர்ட்டை வெட்டினான். சாரதி தோட்டத்துக் குழாயை இழுத்துவந்தார். ஜவாஹிரின் முதுகைக் கழுவியபோது தண்ணீர் பால்போல ஓடியது.

ஜவாஹிர் பிழைத்தான். அவன் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து வந்தபோது தோட்டத்தில் வேறு ஆள் நின்றான். அந்த நோன்புக்கு லொறி வந்தது. ஹவ்வாவின் வாசலில் மட்டும் நிற்காமல் போனது. ஹவ்வா படலையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"இரிக்கிறத ஆக்குவம்," என்றாள்.

பரீட்சை நகரத்துப் பாடசாலை மண்டபமொன்றில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து சிங்களத் தாளும் ஆங்கிலத் தாளும் கொடுத்தார்கள். தமிழ்த் தாள் பெட்டியில் இல்லை. மேற்பார்வைக்கு வந்த பெண் இரண்டு முறை பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், யாருக்கோ போன் எடுத்தார்.

"விடைய உங்களுக்குத் தெரிஞ்ச மொழியில எழுதுங்க," என்றார் கடைசியில்.

சிபானா சிங்களத் தாளை வாங்கிக்கொண்டாள். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்ததும் கேள்வி விளங்கியது. சில சொற்கள் விளங்காமலே போயின. விளங்கியவற்றுக்கெல்லாம் தமிழில் எழுதினாள். மூச்சுப் பாதையைத் திறப்பது எப்படி, நஞ்சு தோலில் பட்டவரை எப்படிக் கையாள்வது. இதை எழுதும்போது ஜவாஹிரின் முதுகில் ஓடிய தண்ணீர் கண்ணுக்குள் நின்றது. மணி அடித்தபோது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

பெறுபேறு வந்தது. செய்முறையில் அவள் விசேட சித்தியோடு தேறியிருந்தாள். எழுத்துப் பரீட்சைக்கு நேரே 'முழுமையற்றது' என்று இருந்தது.

"தமிழில திருத்துறதுக்கு அவங்கட்ட ஆளில்லயாம்," என்றார் முகாமையாளர். மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்கிக்கொண்டே கதைத்தார். "சேர்ட்டிபிக்கட் இல்லாம வேலைக்கு அனுப்ப எனக்கு ஏலாது. அடுத்த குழுவோட திரும்ப எழுதலாம். சிங்களத்தில எழுதினீங்க எண்டா பிரச்சின இல்ல. நல்லாக் கதைக்கிறீங்கதானே, எழுதப் பழகுங்களேன்."

"நீங்கதானே சேர் தமிழில வரும் எண்டு சொன்ன."

"வரும் எண்டுதான் எனக்கும் சொன்னாங்க."

அடுத்த குழு எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. படியிறங்கும்போது கீழே பஸ்தியான் நின்றான். முந்தல்காரன், வீட்டில் தமிழ், படித்தது சிங்களப் பாடசாலை. அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல வந்தவன் மோட்டார்சைக்கிளின் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எங்க போட்டிரிக்கி?" என்று அவளே கேட்டாள்.

"மொனராகலைக்கு." கண்ணாடியிலிருந்து கையை எடுத்து, "நான் போற பக்கம் முழுக்கச் சிங்கள ஊராம், தமிழ் கதைக்க ஒரு ஆள் இல்லயாம்," என்றான்.

பிரியந்தவும் தன் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்ததாகப் பிறகு அறிந்தாள். சான்றிதழ் இல்லாதவரை வண்டியில் ஏற்றவே கூடாது என்பதுதான் வந்த பதில்.

உப்பு வாரும் காலம் தொடங்கியது. ஒரு நாள் காலை ஹவ்வா புறப்பட்டபோது சிபானாவும் பழைய சட்டையொன்றை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். ஹவ்வா திரும்பிப் பார்க்கவில்லை. உப்பளத்து வாசலில் வைத்துத் தன் தலைத் துணியைக் கிழித்து ஒரு பாதியை மகளிடம் கொடுத்தாள்.

"விரலுக்குள்ள சுத்து. முதல் கிழமைதான் எரியும்," என்றாள்.

எரிந்தது. பாத்திகளில் ஆண்கள் பலகையால் உப்பை வழித்துக் குவிக்க, பெண்கள் கூடையில் அள்ளி வரம்பேறிப் போய்க் குவியலில் கொட்டினார்கள். மதியத்துக்குள் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசி, எதைப் பார்த்தாலும் ஓரம் கறுத்துத் தெரிந்தது. பாதையில் சைரன் சத்தம் போனால் பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு நாள் அவளுக்கு முன்னால் கூடையோடு வரம்பேறிய றம்லா ராத்தா அப்படியே உட்கார்ந்தாள். கூடை சரிந்து உப்பு பாத்திக்குள் கொட்டியது. சிபானா கூடையை எறிந்துவிட்டு ஓடினாள். றம்லாவின் முகம் சாம்பல் பூத்து, நெற்றி குளிர்ந்திருந்தது. அவளைத் தன் மடியில் சாய்த்து, சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, நாடியில் விரலை வைத்தாள். நாடி ஓடியது, தடுக்கித் தடுக்கி. சுப்பவைசரிடம் அம்புலன்ஸுக்குச் சொல்லும்படி கத்தினாள்.

வண்டி உப்பளத்து வீதிக்குள் வந்தது. முதலில் இறங்கியவள் புதுச் சீருடையில் ஒரு சிங்களப் பெண், நாத்தாண்டியாவோ அந்தப் பக்கமோ. பின்னால் பிரியந்த. சிபானாவைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது. கையில் எதையும் எடுக்குமுன், "ஏறு நங்கி, நீயும் ஏறு. யாரும் கேட்டால் சொந்தக்காரி என்று சொல்," என்று தங்கச்சியை அழைப்பதுபோலச் சிங்களத்தில் சொன்னான்.

வண்டி குலுங்கியது. சிபானா ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் குந்திக்கொண்டாள். பிரியந்த கேட்டவற்றை றம்லாவிடம் கேட்டாள், அவள் சொன்னவற்றைச் சிங்களத்தில் சொன்னாள். றம்லாவுக்கு எப்போதோ இப்படி வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்ற பயம். புதுப் பெண் கவனமாகப் பிறஷர் பார்த்தாள். எல்லாம் மாட்டி முடிந்த பிறகு சிபானாவிடம் மெதுவாக, எங்கே வலிக்கிறது என்பதைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று கேட்டாள்.

"எங்க நோவுது," என்றாள் சிபானா.

அந்தப் பெண் பேனையை எடுத்துத் தன் கையுறையின் புறங்கையில் அதைச் சிங்கள எழுத்தில் எழுதினாள். மெல்லச் சொல்லிப் பார்த்தாள். சரிதானா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசி எழுத்தை இழுக்கக்கூடாது," என்று சிங்களத்தில் திருத்தினாள் சிபானா.

ஆஸ்பத்திரியில் றம்லாவை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு மூடியது. தாதியொருத்தி உண்மையான சொந்தக்காரர் யாரென்று கேட்டு, றம்லாவின் வீட்டுக்குப் போன் எடுத்தாள். சிபானா வெளியே வந்தபோது பிரியந்த ஏற்கனவே வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றான். அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

"உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விட முடியாது நங்கி. மறு பக்கம் போகிறோம்." அவன் ஏறிக்கொண்டான்.

அப்போதுதான் அவள் தன் காலைப் பார்த்தாள். செருப்பு உப்பளத்து வரம்பில் கிடந்தது. பாதத்தில் உப்பு காய்ந்து கணுக்கால்வரை வெள்ளையாய்ப் பிடித்திருந்தது. இடுப்பில் பஸ்ஸுக்குக் கூடக் காசில்லை. பின்னேரத்துக்குமுன் உப்பளத்துக்குப் போகாவிட்டால் இன்றைய கூலியே இல்லையென்று எழுதிவிடுவார்கள்.

அவள் பாலாவிப் பாதையில் நடந்தாள். தார் உருகி உள்ளங்காலைச் சுட்டது. ஒரு பக்கம் களப்பின் உப்புநீர் அசையாமல் கிடந்தது. மர நிழல் வந்த இடங்களில் விரைவைக் குறைத்தாள், வெயிலில் ஓடாத குறையாக நடந்தாள். உப்பளத்துக் குவியல்கள் தூரத்தில் தெரியத் தொடங்கியபோது பின்னால் சைரன் கேட்டது. மறு பக்கத்து நோயாளியை இறக்கிவிட்டுப் பிரியந்தவின் வண்டி இந்தப் பக்கமாக இன்னொரு அழைப்புக்கு வந்துகொண்டிருந்தது. முச்சக்கர வண்டிகளும் லொறியும் ஓரம் கட்டின.

சிபானாவும் தாரிலிருந்து இறங்கி, சரளைக் கல்லில் நின்று வழி விட்டாள்.