கிழவிக் குரல்

கணக்கு டீச்சர் வீட்டுத் தொலைபேசிக்குத் தப்பித் தவறி அழைத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். ராங் நம்பர் என்றால், "அவர் குளிக்கிறார், இருங்க" என்று ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவாள். எதையாவது விற்க அழைப்பவர்களுக்கென்றே ஒரு கிழவிக் குரல் வைத்திருந்தாள். காதும் கேட்காது, ஞாபகமும் நிற்காது அந்தக் கிழவிக்கு. சொன்னதையே நாலு தரம் சொல்ல வைத்து ஆளை அழவிடாத குறையாகத்தான் அனுப்புவாள். சொந்தக்காரர்கள் வந்தால் இதுதான் கச்சேரி. அவளுக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை.

அந்தச் சனிக்கிழமை அண்ணனும் அண்ணியும் மதியமே வந்துவிட்டார்கள். அவர்கள் மகளுக்கு, இரண்டு வருடம் அலைந்த பிறகு, வேலை கிடைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்குத்தான் விருந்து. "எந்த வேலையா இருந்தாலும் போடி, யார் உன்னைக் குறைச்சுப் பேசுறாங்கன்னு நான் பாத்துக்கறேன்" என்று அவளைப் பிடித்துத் தள்ளியதே டீச்சர்தான். ஆபீஸ் வேலை என்பதற்கு மேல் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. ஆறு மணிக்கு வேலை முடிந்து நேரே இங்கு வருவதாக ஏற்பாடு.

நாலு மணிக்குப் போன் அடித்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் பெண். டீச்சர் கண்ணடித்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

"யாரும்மா? உரக்கப் பேசு!" என்றது கிழவிக் குரல்.

எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தப் பெண் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கிழவி விலை கேட்டாள், மறந்தாள், மறுபடி கேட்டாள். எட்டு நிமிடம் ஓடியது. அண்ணன் சோபாவில் சிரித்துப் புரண்டார். கடைசியில் கிழவி சொன்னாள்: "எங்க வீட்டுல குழாயே கிடையாதும்மா. ஆமா, உங்கம்மா இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சாளா?"

அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உங்க நேரத்துக்கு நன்றி மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றது அந்தக் குரல். டீச்சர் பட்டென்று வைத்தாள்.

ஆறரைக்கு அண்ணன் மகள் வந்தாள். கை கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"அந்தக் கிழவி எப்படி இருக்கா அத்தை?"

"எந்தக் கிழவி?"

"நாலு மணிக்கு எங்கிட்ட பேசினவங்க."

டீச்சர் கிளறுவதை விட்டுவிட்டுத் திரும்பினாள். "நீயா? குரலே வேற மாதிரி இருந்துச்சே."

"அப்படித்தான் பேசப் பழக்கியிருக்காங்க. நம்பரைக் கம்ப்யூட்டரே போட்டுடும். நீங்க பேசினதும்தான் தெரிஞ்சுது. சின்ன வயசுலேருந்து கேட்ட கிழவியாச்சே."

"நான்னு தெரிஞ்சதும் வெச்சுத் தொலைக்க வேண்டியதுதானே!"

"நாங்க முதல்ல வைக்கக் கூடாது அத்தை. எங்க சூப்பர்வைசர் லைன்ல கூடவே கேட்டுட்டிருப்பார்."

யாரும் குறைத்துப் பேசாமல் பார்த்துக்கொள்கிறேன் என்ற அதே வாய்தான் அதையும் கேட்டிருந்தது. டீச்சர் அடுப்பை அணைத்தாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க சிரிச்சது எனக்குக் கேட்டுச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

பாதிச் சாப்பாட்டில் மறுபடி போன் அடித்தது.

"ஸ்பீக்கர் போடு, ஸ்பீக்கர் போடு!" என்று அண்ணி குதித்தாள். மகள் பக்கம் திரும்பினாள். "நீ இல்லாம போயிட்டியே! உங்கத்தை இன்னிக்கு ஒருத்தியைப் படுத்தின பாடு இருக்கே! 'உங்கம்மா இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சாளா'ன்னு கேட்டா பாரு..." மேலே சொல்ல முடியாமல் சிரித்தாள். மகளும் தட்டைப் பார்த்தபடி சிரித்தாள்.

டீச்சர் எழுந்துபோய் ரிசீவரை எடுத்தாள். ஏதோ கடன் அட்டை விற்கும் பையன்.

"வேண்டாம்ப்பா. நானே வெச்சிடறேன்" என்று தன் சொந்தக் குரலில் சொல்லி வைத்தாள்.

"என்ன இப்படி ஏமாத்திட்டே? கிழவி எங்கே?" என்றாள் அண்ணி.

"செத்துட்டா அண்ணி."

அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.