கீழப்பத்து வண்டிப்பாதை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டை நாலடி உயர்த்தி அகலப்படுத்தும் பிளான், 1959 ஆடி மாதத்தில் ஓவர்சியர் வேல்சாமியின் மேசைக்கு வந்தது. ரோடு உயர்ந்தால் இருபுறத்து வயல்களும் பள்ளத்தில் கிடக்கும். வண்டிகள் ஏறி இறங்கச் சரிவு வேண்டும். பஸ்ஸும் காரும் வேகமாக ஓடப்போகிற ரோட்டில் கண்ட இடத்திலெல்லாம் வழிவிட முடியாது, மைலுக்கு இரண்டே சரிவு என்று மேலே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒன்று ஊர்ப்பக்கத்துக் குறுக்குச் சாலைக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றுக்குத்தான் போட்டி.

கீழப்பத்தில் நாற்பது வீடுகள். அவர்களுடைய நெல், எரு, வைக்கோல் எல்லாம் ஒரே வண்டிப்பாதையில்தான் ரோட்டுக்கு வரும். அதை அடுத்திருந்த வயல் முத்துக்குமாரசாமியுடையது. அவர் அதை மண்ணடித்து மேடாக்கி, லாட்ஜ் கட்டுகிறவர்களுக்கு மனை மனையாக விற்கப் போகிறார். சரிவு தன் மனைக்கு முன்னால் வரவேண்டும் என்பது அவர் ஆசை.

ஒருநாள் அவரே ஆபீசுக்கு வந்தார்.

"உங்கள சிவகிரிக்கு மாத்தப்போறதாப் பேச்சு அடிபடுதே, ஓவர்சியர்? வீட்டம்மாவுக்கு இங்கன பள்ளிக்கூடத்துல வேலையாச்சே."

"ஆமா அண்ணாச்சி. அதான் என்ன செய்யன்னு தெரியல."

"திருநெல்வேலியில நான் ஒரு வார்த்தை சொல்லுதேன். நீங்க பொய்யெல்லாம் எழுதாண்டாம். அந்தப் பாதையில எத்தனை வண்டி வருதுன்னு எண்ணி எழுதணும்லா? இந்த வாரமே எண்ணிப்போடுங்க."

வேல்சாமிக்குப் புரிந்தது. நடவு முடிந்து, சாரல் பிடித்துக்கொண்ட நேரம். பாதையில் கணுக்கால் ஆழம் சேறு. எவனும் வண்டி பூட்டமாட்டான். அறுப்புக் காலத்தில் எண்ணுவதுதான் முறை என்று அவருக்குத் தெரியாமலில்லை. இருந்தும் மறுநாள் விடிந்ததும் குடையோடு போய் நின்றார்.

மத்தியானம் சுடலையாண்டி வந்தான். கீழப்பத்தில் முக்கால் ஏக்கரும் ஒரு சோடி மாடும் உள்ளவன்.

"மழையில எதுக்குய்யா நிக்கீய?"

"வண்டி எண்ணுதேன்."

"இப்பம் எண்ணி என்ன செய்ய? அறுப்புக்கு வாங்க. நூறு வண்டி காட்டுதேன்."

"வாரேன்" என்றார் வேல்சாமி.

அந்தி வரை ஏழு வண்டிகள் வந்தன. ஏழு என்றே எழுதினார். சரிவு மனைகளுக்குப் போயிற்று. சிவகிரி மாற்றலும் நின்றது. மனைவி முத்துவடிவு குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டாள்.

ரோடு முடிய இரண்டு வருஷமாயிற்று. கீழப்பத்து வண்டிகள் வாய்க்கால்கரை வழியாக மூன்று மைல் சுற்ற வேண்டியதாயிற்று. மழைக்குக் கரை இளகினால் அதுவும் இல்லை. சுடலையாண்டி மூன்று தடவை ஆபீசுக்கு வந்தான். "மேல எழுதியிருக்கேன்" என்று மூன்று தடவையும் வேல்சாமி சொன்னார். எழுதவில்லை. எழுதினால் தன்னுடைய ஏழு வண்டிக் கணக்கைத் தானே கிளற வேண்டியிருக்கும்.

அந்த வருஷ அறுப்பில் கரை உடைந்து கிடந்தது. களத்தில் நெல் முளைகட்டத் தொடங்கியதும் சுடலையாண்டி பொறுக்கமாட்டாமல் பாரவண்டியை நேரே ரோட்டு மேட்டில் ஏற்றினான். பாதி ஏறிய வண்டி பின்னால் சரிந்தது. வேல்சாமி ஓடிப்போய்ப் பார்த்தபோது, இடப்பக்கம் பூட்டிய மாடு சக்கரத்தடியில் கால் முறிந்து கிடந்தது. சுடலையாண்டி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓவர்சியரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் வேல்சாமி உள்ளதை உள்ளபடி எழுதினார். மழை நாளில் எண்ணியது தன் தவறு, அறுப்பில் நூற்றுக்கு மேல் வண்டிகள் வரும், கீழப்பத்துக்குச் சரிவு அவசியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனைகள் விற்பனையாகிவிட்டன, லாட்ஜுக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது, பிளானை மாற்றுவதற்கில்லை.

வழியில்லாத வயலை யார் வாங்குவார்? முத்துக்குமாரசாமி வாங்கினார். கிடைத்த விலைக்கு ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசி வயலும் கைமாறிய மறுவருஷம், கீழப்பத்துக்கு நேரே இன்னொரு சரிவு போடச் சிறப்பு அனுமதி வந்தது. அதற்கு அளவு பிடித்தவரும் வேல்சாமிதான்.

1966 சாரலுக்குத் தோள்வலியோடு குற்றாலம் போனார். எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எண்ணெய் முதுகில் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"சுடலையாண்டியா?"

"ஆமாய்யா. குனிஞ்சு உக்காருங்க."

வேல்சாமிக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கு ஏழு வண்டிதான்டே வந்தது. அதத்தான் எழுதுனேன்."

"தெரியும்யா. கணக்குல தப்பில்ல." கை நிற்காமல் தேய்த்துக்கொண்டிருந்தது. "மழை பேயுதுன்னு ஒரு வரி சேத்து எழுதியிருக்கலாம்லா?"

சுடலையாண்டியின் கட்டைவிரல் தோளில் வலி இருந்த இடத்தைத் தானே தேடிப் பிடித்தது. "இங்கனதானய்யா வலிக்கு?" என்று கேட்டு அங்கேயே நீவிவிட்டான். கூலியை வாங்கி மடியில் செருகிக்கொண்டான். "பாறை வழுக்கும், பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

வேல்சாமி அருவிக்குப் போகவில்லை. எண்ணெய் உடம்பின் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கதவைத் திறந்த முத்துவடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குளிக்கலையா? அருவியில தண்ணி இல்லையா?"

"நெறைய விழுது" என்றார்.