ஒரே சீப்பு

அந்த மழைக்காலத்தில் தெருப் பிள்ளைகளின் தலையில் வந்த படர்தாமரை, விளக்கை அணைத்தால் பச்சையாக எரிந்தது. வட்டமாக முடி உதிர்ந்த இடங்களில் வெளிச்சம் தங்கியது. கரண்ட் போன மாலைகளில் பிள்ளைகள் அந்த வெளிச்சத்திலேயே வீட்டுப்பாடம் எழுதினார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அரிப்புதான் தாங்கவில்லை.

ஜவுளிக்கடைப் பெரியவர் மட்டும் அதைக் குடும்பத்துக்கு நேர்ந்த இழுக்காக நினைத்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் தலை கலைந்து வாசலைத் தாண்டியதே கிடையாது. காலையில் கம்பளித் தொப்பியைக் கழற்றித் தன் தலையை வாரிக்கொள்வார். பிறகு அதே மாட்டுக்கொம்புச் சீப்பால் பேரன் பேத்திகளுக்கும், வந்து நிற்கிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தன் கையாலேயே வாரிவிடுவார். அவர் அப்பாவின் சீப்பு அது. ஆளுக்கொரு சீப்பு என்பது பாகம் பிரிக்கிற வீட்டுப் புத்தி என்பது அவர் கட்சி.

முதலில் பூனைகள்மேல் பழி போட்டார். பூனைகளைத் துரத்திய பின்னும் வட்டங்கள் பெருகின. அடுத்து சலூன்காரரின் மிஷின் என்றார். பெரியவர் பேச்சுக்குத் தெருவில் மறுபேச்சு இல்லாததால் சலூன் நாற்காலியில் தூசி படிந்தது. மாத்திரை கொடுத்த டாக்டரம்மா, "அந்தக் காலத்துல பூனை, கன்னுக்குட்டிகிட்டருந்து வந்துச்சு. இப்ப மனுஷங்ககிட்டருந்துதான் அதிகம். பெரியவங்களுக்கு அரிப்புகூட இருக்காது, சுமந்துட்டுத் திரிவாங்க" என்றார். மாத்திரையில் அணைந்த வட்டங்கள் மறுபடி எரிந்தன.

பெரியவர் கரண்ட் போகிற மாலைகளிலும் கடையில், பேட்டரி விளக்கடியில் இருப்பவர். கடை விடுமுறையன்று சலூன்காரர் மிஷினும் கையுமாக அவர் வீட்டுக்கு வந்தார்.

"கரண்ட் போகட்டும் ஐயா. இது மின்னுச்சுன்னா கடையைப் பூட்டிச் சாவியை உங்ககிட்டயே தந்துடறேன்."

கரண்ட் போயிற்று. மிஷின் கரிக்கட்டைபோல் கிடந்தது. அன்று திறந்து கிடந்த அலமாரியில் சீப்பு பல் பல்லாக எரிந்தது.

"தாத்தா, உங்க தொப்பிக்குள்ள என்ன விளக்கு?" என்றாள் கடைசிப் பேத்தி.

"சும்மா இருடி" என்றாள் மருமகள்.

"அவளை ஏம்மா அதட்டறே" என்றார் பெரியவர். தொப்பியைக் கழற்றினார். கூடம் முழுக்கப் பச்சையாயிற்று. வெறுந்தலையோடு தெரு நடுவில் நடந்துபோய், தூசியைத் தட்டாமலே சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மழிச்சு விடுப்பா. கதவைச் சாத்த வேண்டாம்."

"வெளிச்சம் பத்தாதே ஐயா."

"என் தலையில இருக்கறது பத்தாதா?"

போதுமானதாக இருந்தது. கத்தி ஓர் இடத்திலும் கீறவில்லை.

பிள்ளைகளுக்கு முடி வளர்ந்தது. அந்த வீட்டில் ஆளுக்கொரு சீப்பு வந்தது. நோய் முழுக்கப் போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் பெரியவர் தலை எரிவது நிற்கவில்லை. கரண்ட் போனால் சலூன்காரர் ஆள் அனுப்புவார். பெரியவர் தொப்பியில்லாமல் போய், வேலை முடிகிறவரை முதுகு வளையாமல் நாற்காலியருகே நிற்பார்.