ஆடியில் வந்த சாவி

அரசாங்கமும் பஞ்சாங்கம் பார்க்கும் என்பது அழகர்சாமிக்குப் பின்னால்தான் உறைத்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஓசூர் ஏரிக்கரைக் குடிசைக்காரர்களுக்காகக் கட்டிய நூற்று நாற்பத்து நான்கு வீடுகளின் திறப்பு விழாவை, ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில், ராகுகாலம் எமகண்டம் எல்லாம் தள்ளி வைத்துவிட்டு நடத்தினார்கள். பந்தல் போட்டார்கள், மைக் செட் கட்டினார்கள். மேடையில் இருந்தவர்கள் ‘குடிசையில்லா நகரம்’ என்று ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசிவிட்டுச் சுண்டல் தின்று போனார்கள். சாவி மட்டும் கொடுக்கவில்லை, படிவம் அச்சாகி வரவில்லையாம். அது வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நல்ல நாளை மேடைக்கு எடுத்துக்கொண்டு ஆடியைக் குடிசைக்காரன் தலையில் கட்டிவிட்டார்கள். இப்படி அழகர்சாமி அப்போது நினைக்கவில்லை, நான்தான் சொல்கிறேன். சாவி வாங்கிய அன்று அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். ஒன்பது வருஷமாக சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. மனைவி தமிழ்செல்விக்கு இன்னொரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. ஒரே பெண் ஸ்வாதி, ஏழு வயசு. மழை பெய்தால் குடிசையின் தரை வேர்க்கும், ஏரி நிறைந்தால் தண்ணீர் வாசலுக்கே வரும். அந்த ஈரத்தில் ஸ்வாதிக்கு மாதம் இரண்டு தடவை இளைப்பு வந்துவிடும். நெஞ்சு விசில் அடிக்க, உட்கார்ந்தபடியே தூங்குவாள். ‘சிமெண்டுத் தரை, வெயில் படுற வீடா பார்த்துப் போங்க’ என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. சிமெண்டுத் தரை என்ன கடையிலா விற்கிறது? அதற்காகத்தான் மனு மேல் மனு போட்டு, பி பிளாக் இரண்டாம் மாடி பதினேழாம் நம்பர் வீட்டை வாங்கியிருந்தார்கள்.

சாவி வாங்கிய கையோடு அழகர்சாமி மாடி ஏறிப் போய்க் கதவைத் திறந்தான். ஒரு கூடம், ஒரு அறை, அடுப்பு மேடை, குழாய், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. வாசற்படிக்கு வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் கண்ணால் அளந்தான். காலை உள்ளே வைக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டான்.

“எப்பங்க போறோம்?” என்றாள் தமிழ்செல்வி.

“ஆவணி ஒண்ணு, ஞாயித்துக்கெழமை. ஏழரையில இருந்து எட்டரை நல்ல நேரம். பாலைக் காச்சிருவோம்.”

“இன்னும் ஒரு மாசம் கிடக்கே! நான் போயி ஒரு தடவை பார்த்துட்டாவது வர்றேனே?”

“ஆடி பிறந்திருச்சுத்தா. பொம்பளை காலு மொதல்ல ஆடியில படக் கூடாது.”

அவனுடைய பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவசர அவசரமாக வந்து இந்தக் குடிசையில் குடியேறியது ஒரு மார்கழியில். அப்போது கைக்குழந்தையாக ஒரு மகன் இருந்தான். சித்திரையில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு, போய்விட்டான். மார்கழியில் குடி வந்த வினை என்று அழகர்சாமி மனசில் முளை அடித்த மாதிரி பதிந்துவிட்டது. வேறு எந்த சாமி காரியத்திலும் அவன் அவ்வளவு பிடிப்பானவன் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் அவனை அசைக்க முடியாது. மிச்சம் இருக்கிற ஒரு பிள்ளையைப் பணயம் வைக்க அவன் தயாராக இல்லை.

தமிழ்செல்வி நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் ஸ்வாதிக்கு இளைப்பு வந்தது. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“நம்ம பையன் செத்தது மார்கழியால இல்லைங்க. இந்த ஏரித் தண்ணியால. அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

அவனுக்குச் சுருக்கென்றது. தண்ணீர்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டால், அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்தது யார் என்ற கேள்வி வரும். மொண்டு வந்தவன் அவன்தான்.

ஆடி அமாவாசை கழிந்த மறுநாள் பக்கத்துக் குடிசைக்காரி சரசம்மா பாத்திரம் பண்டங்களைக் கட்டிவிட்டாள். அவள் கன்னடக்காரி. அவர்கள் கணக்கில் ஆகாத மாசமான ஆஷாடம் அமாவாசையோடு தீர்ந்துவிடும், மறுநாள் ஷ்ராவணம் பிறந்துவிடும், அது நல்ல மாசம். ஏரிக்கரையில் இருந்த கன்னடக் குடும்பங்கள், தெலுங்குக் குடும்பங்கள் எல்லாம் அந்த வாரத்திலேயே வாழை மரம் கட்டிக் குடிபோய்விட்டன. ஒரே ஏரிக்கரை, ஒரே சாக்கடை, அவர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது, நமக்கு இன்னும் பதினைந்து நாள் பாக்கி.

“ஏன்ணா, நீங்களும் வந்துடுங்க,” என்றாள் சரசம்மா. “எங்க ஷ்ராவணத்த உங்களுதுன்னு நெனச்சுக்கோங்க. சாமி என்ன, பாஷை பாத்தா சண்டைக்கு வரும்?”

“அது உங்க மொற தங்கச்சி. எங்களுக்கு ஆவணிதான்.”

“அப்போ ஒரு பாய், ஒரு ஸ்டவ்வு, அதாவது கொண்டுபோய் வையிங்க. ஆபீஸ்காரங்க செக்கிங் வர்றாங்களாம், பேசிக்கிறாங்க.”

“பாய வச்சாலும் குடி போனதுதான்.”

கரியப்பன் என்று தர்மபுரிக்காரன் ஒருவன். ஆடியில் போகவே கூடாது என்று டீக்கடையில் அழகர்சாமிக்கு மேலே குரல் கொடுத்தவன் அவன்தான். அந்தக் கரியப்பனே ஒரு நாள் சாயங்காலம் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மாடி ஏறினான். கேட்டதற்கு, “நான் எங்க குடி போனேன்? சும்மா படுத்துக்கலாம்னு போறேன். பால் காய்ச்சாத வரைக்கும் அது குடி போன கணக்குல வராதுப்பா,” என்று சொல்லிச் சிரித்தான். சாஸ்திரத்துக்குச் சந்து கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் அவனுக்கு இருந்தது. அழகர்சாமிக்கு இல்லை. நேர்மையானவன், அதனால் மாட்டிக்கொண்டான்.

சாவியோடு கொடுத்த தாளில் ஒன்பதாவது நிபந்தனையாகப் பொடி எழுத்தில் ஒன்று இருந்தது. சாவி பெற்ற இருபத்தோரு நாட்களுக்குள் குடியேறாதவர்களின் ஒதுக்கீடு ரத்து செய்யப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு வழங்கப்படும். அழகர்சாமிக்கு எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். கம்பெனியில் ஒரு திருகுக்கு எத்தனை சுற்று என்று போட்டிருக்கும் தாளை வரி விடாமல் படிப்பவன். இந்தத் தாளில் மட்டும் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான், கையெழுத்துப் போட்டான், மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினான்.

ஆகஸ்ட் பதினைந்துக்குள் நூற்றுக்கு நூறு வீடுகளிலும் ஆள் குடியேறிவிட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டுமாம். ஆடி இருபத்தேழு, திங்கட்கிழமை காலையில் மூன்று பேர் வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். அழகர்சாமி அப்போது முதல் ஷிப்டில் இருந்தான், தமிழ்செல்வி கேன்டீனில் இருந்தாள். பதினேழாம் நம்பரில் பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு துடைப்பம்கூட இல்லை. ‘அவங்க இங்கதான், ஏரிக்கரையில இருக்காங்க’ என்று சரசம்மா கத்தியிருக்கிறாள். ஏரிக்கரையில் இருக்கிறார்கள் என்பதே அவர்களுக்கு இங்கே வீடு தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகப் போய்விட்டது. கதவில் ஒதுக்கீடு ரத்து என்று ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனார்கள். நூற்று நாற்பத்து நான்கில் ஒன்பது கதவுகளில் ஒட்டினார்கள்.

மறுநாள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டுத் திட்ட ஆபீசுக்குப் போனான் அழகர்சாமி. மாதவன் என்ற அதிகாரி நிதானமானவர். முழுவதையும் கேட்டார்.

“எனக்குப் புரியுதுங்க. என் பொண்ணு கல்யாணத்தையே ஆவணிக்குத்தான் வச்சிருக்கேன். நானா இருந்தாலும் ஆடியில குடி போக மாட்டேன்.”

“அப்ப சார்...”

“ஆனா இந்தப் படிவத்துல வீடு பூட்டியிருக்கா, ஆள் இருக்கான்னு ரெண்டே கட்டம்தான் இருக்கு. ஆடின்னு ஒரு கட்டம் இல்லையே, நான் எங்க போய் எழுதறது? அடுத்த ஆளுக்கு ஆர்டரும் டைப் ஆயிடுச்சு.”

திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம். தன்னைப் போலவே நினைக்கிற ஒருவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அழகர்சாமி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆபீசில் அழுதான். மாதவன் தண்ணீர் கொடுத்தார்.

“ரெண்டாவது கட்டமா இன்னும் தொண்ணூத்தாறு வீடு வரப்போவுது. அதுல உங்க பேரை எழுதிக்கிறேன். ஒண்ணு மட்டும் செய்யுங்க. இங்க இருக்கற மாத்துச் சாவி சேரலைன்னு பூட்டுக்காரன் சொல்றான். உங்க சாவியை ஞாயித்துக்கிழமை புதுசா வர்றவங்க கையில குடுத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அது இருந்தாத்தான் உங்க பேரைச் சேக்க முடியும்.”

வியாழக்கிழமை, ஆடி முப்பது. குடிசைகளை இடிக்கப் பொக்லைன் வந்தது. மறுநாள் கொடியேற்றத்துக்குள் ஏரிக்கரை சுத்தமாக இருக்க வேண்டும். ஆடிக் காற்று வேறு, பிரித்த ஓலையும் தார்ப்பாயும் ரோடு வரைக்கும் பறந்தன. அழகர்சாமி ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் லைன் வீட்டில் ஓர் அறை பிடித்தான். ஆடி மாசமாக இருப்பதால் காலியாகக் கிடந்த அறை அது. ஆடி முடிய இன்னும் இரண்டே நாள் இருந்தது. ஆனால் இரண்டு நாளைக்குப் பிள்ளையை எந்த ரோட்டில் படுக்க வைப்பது? எந்த மாசத்துக்குப் பயந்து ஒரு வீட்டைக் கைவிட்டானோ, அதே மாசத்தில் அடுத்தவன் சுவருக்குள் மூட்டையோடு நுழைந்தான். சுவர் ஈரமாக இருந்தது. தமிழ்செல்வி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையின் பாயை நடுவில் இழுத்துப் போட்டாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, ஆவணி ஒன்று. “நானும் வர்றேன்,” என்றாள் தமிழ்செல்வி. “அந்த வீட்டை ஒரு தடவ பாக்கணும்.”

பதினேழாம் நம்பர் வாசலில் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண் இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்றிருந்தாள். வெள்ளையம்மா. கிருஷ்ணகிரிக்காரி, ஓசூரில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், புருஷன் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் ஆறு வருஷம் இருந்தவள். அவளைக் கண்டதும் வெறுத்துவிட வேண்டும் என்றுதான் அழகர்சாமி நினைத்துக்கொண்டு வந்தான். காலில் பித்தவெடிப்போடு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி நின்ற அவளை வெறுக்க முடியவில்லை.

“ஆபீஸ்ல இருந்து வர்றீங்களா சார்?” என்று கேட்டு இரண்டு கையாலும் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தாளில் கையெழுத்துப் போட்டாள். “கவருமெண்ட்டப் பத்தி என்னமோ சொல்றாங்க சார், எங்கள மாதிரி ஏழபாழைக்கு நல்ல நாளு பாத்துதான் குடுத்திருக்காங்க. ஆடி கழிஞ்சு ஆவணி மொத நாளு, இதவிட என்ன வேணும்?”

அழகர்சாமி தலையை ஆட்டினான்.

வெள்ளையம்மா அதோடு விடவில்லை. தமிழ்செல்வியின் நெற்றிக் குங்குமத்தையும் கழுத்துத் தாலியையும் பார்த்தாள்.

“யம்மா, தப்பா நெனச்சுக்காத. நான் அறுத்தவ, என் கையால மொத பால் காச்சக் கூடாது. நல்ல நேரம் வேற போயிட்டிருக்குது. சுமங்கலி நீ வந்து நிக்கற. கொஞ்சம் அடுப்பு பத்த வெச்சுக் குடுக்கறியா?”

‘நேரமாகிறது, போக வேண்டும்’ என்று சொல்ல அழகர்சாமி வாயெடுத்தான். அதற்குள் தமிழ்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டாள். அந்த வீட்டுக்குள் அவள் கால் படுவது அதுதான் முதல் தடவை. வலது காலை எடுத்து வைத்துத்தான் போனாள். கூடத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள். அடுப்பு மேடையில் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி, பக்கத்திலேயே நின்றாள். அழகர்சாமி வாசற்படிக்கு வெளியில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றான்.

பால் பொங்கியது. “எந்தப் பக்கம்மா வழிஞ்சுது?” என்று ஆவலாகக் கேட்டாள் வெள்ளையம்மா.

“கெழக்கால,” என்றாள் தமிழ்செல்வி. “நல்லா இருப்பீங்க.”

சர்க்கரை போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அவன் குடித்தான், மறுக்கத் தெரியவில்லை. தமிழ்செல்வி வாங்கி வெள்ளையம்மாவின் சின்ன மகளிடம் கொடுத்துவிட்டாள்.

மாடிப்படி இறங்கும்போது அவள் முன்னால் போனாள். முதல் மாடித் திருப்பத்தில் நின்றாள். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரலில் கேட்டாள்:

“நல்ல மாசத்துல, நல்ல நேரத்துல, பால் காச்சியாச்சு. போதுமாங்க?”

அவன் கையில் இருந்த ஒப்புகைத் தாள் வியர்வையில் நனைந்திருந்தது. அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்வாதியைப் பக்கத்து அறைக்காரியிடம் விட்டு வந்திருந்தார்கள், அதனால் வேகமாக இறங்கிப் போனாள்.