அர்மான் வைத்த வாட்டம்

பின்சுவரை ஒட்டி ஏழடி ஆழம் போனதும் பெனுவா பொக்லைனை நிறுத்திவிட்டு, மண்வெட்டியோடு பள்ளத்தில் இறங்கினான். மரியேல் சமையலறைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பனி உருகி மூன்று வாரம் ஆகியும் நிலவறையில் கணுக்கால் அளவுத் தண்ணீர் வற்றவில்லை. சுவரிலும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்றுதான் அவள் ஆளைக் கூப்பிட்டாள்.

அஸ்திவாரத்தைச் சுற்றி அந்த வடிகால் குழாயைப் பதித்தவன் அவள் கணவன் ரோசேரின் தம்பி அர்மான். பதினோரு வருடம் ஆகிறது. சேன்-மோரீஸ் ஆற்றின் இரு கரையிலும் பாதி வீடுகளுக்குக் குழாய் பதித்தவன் அவன்தான். ஆனால் அண்ணன் வீட்டில் பதித்த இரண்டாவது வசந்தத்திலேயே நிலவறை நிரம்பியது. பெட்டியில் இருந்த, அண்ணன் தம்பி இருவரையும் பெற்ற அம்மாவின் புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிப்போயின. அவளுடைய முகம் அதன்பிறகு எங்கும் மிஞ்சவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில், இறைச்சி வைத்துச் சுட்ட அடையை அறுத்துப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, எல்லோர் முன்னாலும் ரோசேர் கேட்டான். "குடிச்சிட்டுத்தானே போட்டே?" அர்மான் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, கோட்டைக்கூட மாட்டாமல் கையில் பிடித்தபடி வெளியேறினான். அப்புறம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. போன பிப்ரவரியில் ரோசேரை அடக்கம் செய்த அன்று அர்மான் தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றான். காப்பிக்கு எல்லோரும் கூடுவதற்குள் அவன் வண்டி போய்விட்டிருந்தது.

அந்த ஒன்பது வருடமும் ரோசேர் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தானே தவிர, யாரையும் தோண்ட விடவில்லை. "எவனாவது தோண்டிப் பாத்துட்டு, அர்மான் லட்சணம் இதுதான்னு ஊர்ல சொல்லிட்டுத் திரிவான். வேணாம் விடு" என்பான். கோபம் இருந்த இடத்திலேயே தம்பியின் பேரைக் காக்கும் எண்ணமும் இருந்தது.

"மேடம், இங்க வந்து பாருங்க."

பெனுவா குழாயில் ஒரு முழத் துண்டை அறுத்து எடுத்திருந்தான். உள்ளே செம்மஞ்சள் கூழ் விளிம்புவரை அடைத்திருந்தது.

"துரு. இந்த மண்ணுல இரும்பு ஜாஸ்தி. தண்ணியோட வந்து குழாய்க்குள்ள இப்படிச் சளி கட்டிக்கும். ரெண்டு வருஷம் போதும், முழுசா அடைச்சிடும்."

"போட்டவன் சரியாப் போடலையா?"

அவன் ரசமட்டத்தைக் குழாய்மேல் வைத்துக் காட்டினான். "தண்ணி ஓடற வாட்டம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. ஜல்லியைக் கழுவிப் போட்டிருக்கான். மேல துணி சுத்தியிருக்கான். நானே இவ்வளவு பொறுமையாப் போட மாட்டேன். யார் போட்டது?"

குடித்துவிட்டுப் போட்டிருப்பான் என்ற சொல் முதலில் மரியேலின் வாயிலிருந்துதான் வந்தது. நனைந்த புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்துத் தோற்ற ஆத்திரத்தில் சொன்னாள். அடுத்தடுத்த நாட்களிலும் சொன்னாள். ரோசேர் முதலில், "சேச்சே" என்றான். ஒரு வாரம் கழித்துப் பேசாமல் கேட்டுக்கொண்டான்.

"சாயங்காலத்துக்குள்ள புதுசு போட்டு மூடிடறேன். நாளைக்கு மழை" என்றான் பெனுவா.

மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மணி நேரம் எதையும் எடுக்காதே. நான் வந்துடறேன்."

பாலத்துக்கு அந்தப் பக்கம் அர்மான் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றாமலே நின்றான். "வாங்க" என்றான். பழைய நாளாக இருந்தால் அதோடு ஒரு 'அண்ணி' சேர்ந்திருக்கும்.

"குழாயைத் தோண்டிட்டோம். துரு அடைச்சிருக்கு. உன் வேலையில ஒரு குறையும் இல்ல."

அவன் ஒரு கட்டையை எடுத்து, அடுக்கின் மேல் வைத்து, நேராக்கினான்.

"ரோசேர் போயிட்டான். இப்ப வந்து சொல்றீங்க."

"குடிச்சிட்டுப் போட்டேன்னு முதல்ல சொன்னது அவர் இல்ல. நான்."

"தெரியும்" என்றான் அர்மான். "அவனுக்குத் தானா அப்படி நினைக்க வராது."

மரியேல் விறகு பிளக்கும் கட்டையில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவள், ரோசேர் ஏன் தோண்டவிடவில்லை என்பதை மட்டும் சொன்னாள். அர்மான் கொட்டகைக்குள் போய் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தான்.

மரியேலின் வண்டியில் அவள் வீட்டுக்கு வந்ததும் நேரே ஏணியில் இறங்கினான். கூழைக் கட்டைவிரலால் வழித்துப் பார்த்தான்.

"மூலைக்கு மூலை குழாயைக் கழுவி விடறதுக்கு ஒரு வாய் வச்சிருக்கணும். இந்த மண்ணுக்கு அது வேணும்" என்று மேலே நின்ற பெனுவாவிடம் சொன்னான். "அப்ப யாரும் வைக்கல. நானும் வைக்கல. இப்பவாவது வை."

அறுத்த இடத்திலிருந்து அடைபட்டிருந்த தண்ணீர் மெல்லக் கசிந்து, சிவந்து, அவன் பூட்ஸைச் சுற்றித் தேங்கத் தொடங்கியது. மரியேல் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள். கடைசிப் படியில் தயங்கினாள். கீழே ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது. அர்மான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையும் நீட்டவில்லை. ஈரச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, ஓரடி நகர்ந்து நின்றான்.