மாவட்ட எல்லை

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, செங்கல்பட்டு மாவட்டம் வரவேற்கிறது என்று எழுதிய பச்சைப் பலகையைக் கார் கடந்ததும், என் கணவர் முன்பக்கமாகக் கையை நீட்டினார். மாரியப்பன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டேஷ்போர்டைத் திறந்து, மூலைகள் தேய்ந்த சிவப்புப் பெட்டி ஒன்றை எடுத்துப் பின்னால் கொடுத்தார். என் கணவர் அதிலிருந்து சீட்டுக்கட்டை உருவி, இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் சரியவிட்டார். தகரத்தில் தூறல் விழ ஆரம்பிக்கும்போது கேட்கும் சத்தம். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் தரகராக மல்லாட்டைக் கடலையை உடைத்து உடைத்துத் தரம் பார்த்துத் தடித்துப்போன விரல்கள் அவை. அவற்றுக்கு இவ்வளவு மென்மை தெரியும் என்பதை, பதினான்கு வருடம் அவரோடு வாழ்ந்த நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"டீச்சர் பயந்துட்டாங்க பாரு," என்றார் முன் இருக்கையிலிருந்த பூவரசன். உரக்கடைக்காரர். "ஒண்ணும் இல்ல டீச்சர். பார்டரத் தாண்டுனாதான் நம்ம நைனாருக்குக் கை மொளைக்கும். அந்தாண்ட இருக்கிற வரைக்கும் கையே இல்லாத மனுசன்."

"நீ வாய மூடிக்கினு வா," என்றார் என் கணவர். ஆனால் சிரித்தார்.

அந்த எல்லையைப் போட்டவளே நான்தான் என்பது பூவரசனுக்குத் தெரியுமா என்று யோசித்தேன். தெரிந்திருக்கும். அவர்களுக்குள் மறைக்க எதுவும் இருந்ததில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன், ஆர்த்திக்கு மூன்று வயது. டெங்கு என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்த இரண்டு நாளும் அவர் திண்டிவனத்தில் ஒரு லாட்ஜ் அறையில், போனை அணைத்துவிட்டு, சீட்டாட்டத்தில் இருந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வருடம் மழைக்காலத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மாதாஜி தங்கியிருந்தார், வெள்ளுடை உடுத்திய சமணத் துறவி. அவர் முன்னால் என் கணவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆயுளுக்கும் சூதைத் தொடமாட்டேன் என்று சொல்ல அவர் தயாராகத்தான் இருந்தார். நான்தான் தடுத்தேன். எங்கள் சமணர்களில் விரதம் எடுப்பதைவிட முறிப்பது பெரிய காரியம். முறித்த விரதம் எடுக்காத விரதத்தைவிடக் கனம் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். இவர் முறித்துவிடுவார் என்று பயந்தேன். முடிகிற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம், காலத்துக்கோ இடத்துக்கோ ஓர் எல்லை வைத்துக்கொள்ளலாம், அதுவும் விரதம்தான் என்றார் மாதாஜி. "இடம்னா, விழுப்புரம் மாவட்டம் முழுக்க" என்றேன் நான். என் கணவர் அப்படியே திருப்பிச் சொன்னார். இந்த மாவட்டத்து எல்லைக்குள் சீட்டைத் தொடமாட்டேன். எனக்கு அப்போது மாவட்டம் என்றால் உலகம். திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம், நடுவில் தினமும் போய்வரும் பாசஞ்சர் ரயில். அதற்கு வெளியே மனிதர்கள் போவார்கள், வண்டி ஓட்டிக்கொண்டு போய் உட்காருவார்கள் என்று தோன்றவே இல்லை.

அவர் முறிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட முறிக்கவில்லை. வீட்டில் ஆர்த்தி விளையாடும் குழந்தைச் சீட்டைக்கூடக் கீழே கிடந்தால் காலால் ஒதுக்குவாரே தவிர எடுக்கமாட்டார். விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்து தனி மாவட்டமானபோது, "கவர்மெண்டே நம்ம பக்கம் நைனாரே, பாதி ஊரத் தொறந்து வுட்டுட்டான்" என்று பூவரசன் எங்கள் வாசலில் நின்று கத்தியது நினைவிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூவரும் கிளம்புவார்கள். எல்லை தாண்டிச் சவுக்குத்தோப்புக்குள் ஒரு வாடகை வீடு. சென்னையிலிருந்து நான்கைந்து பேர் வருவார்கள். போக்கர். மாலை ஆறு மணிக்குள் எழுந்துவிடுவார், பொழுது சாய்ந்தபின் சாப்பிடக்கூடாது என்பதால். அதையும் அவர் தவறியதில்லை.

இந்தமுறை நான் வந்ததற்குக் காரணம் இருந்தது. போன மாதம் ஒரு ராத்திரி முழுவதும் நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் அவரே சொன்னார். "ஒண்ணு பண்றேன் ப்ரியா. இந்தவாட்டி எடுத்துக்கினு போற காசு மொத்தமும் போச்சுன்னா, வர்ற ஞாயித்துக்கெழமையே மேல்சித்தாமூர் மடத்துக்குப் போறோம். எல்ல வைக்காத விரதம் எடுத்துக்கிறேன். ஆயுசுக்கும். நீயே வந்து கூட உக்காந்து பாரு." எனக்கு அது போதும். அவர் சொன்னால் செய்வார். உலகத்தில் எத்தனையோ பெண்களுக்குப் பொய் சொல்லும் கணவன் இருக்கிறான். எனக்கு வாய்த்தவருக்குப் பொய் வராது. இந்த சீசனில் வந்த கமிஷன் ஒன்றரை லட்சம் அவர் சட்டைப்பையில் இருந்தது. அது முழுக்கத் தொலைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஆர்த்தியை விழுப்புரத்தில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, எலுமிச்சைச் சாதமும் வாழைக்காய் வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினேன். புருஷன் தோற்க வேண்டும் என்று சாதம் கிளறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டின் கூடத்தில் பெரிய சாப்பாட்டு மேசை. அதன்மேல் பச்சைத் துணி. என்னை என் கணவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். எதிரே சென்னைக்காரர்களில் மூத்தவர், இனியவன் என்று பெயர், என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மேடம் சீட்டப் பாக்கலாம். ஆனா முகத்துல எதுவும் காட்டக்கூடாது. சார்கிட்ட என்ன இருக்குன்னு உங்க முகத்துல படிச்சிருவோம்."

"அதெல்லாம் டீச்சர் காட்டமாட்டாங்க சார்," என்றார் பூவரசன். "பதினாலு வருசமா காட்டாம இருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் முதலில் மூன்று சீட்டு திறப்பார்கள், பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவர்தான் ஜெயித்தவர். பத்து நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. வாழ்நாளில் சீட்டைத் தொட்டதில்லை என்றாலும், ஐம்பத்திரண்டு சீட்டுகள் கொண்ட ஒரு கட்டிலிருந்து என்று தொடங்கும் கணக்குகளைப் பதினைந்து வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போட்டுக்கொடுத்தவள்.

ஆட்டத்தைவிட அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அவர் ஒரு களைத்த மனிதர். சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பார், பேசும்போது சுவரைப் பார்ப்பார். ஆர்த்தி எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் என் பக்கம் திரும்புவார். இங்கே அவர் கழுத்து நிமிர்ந்திருந்தது. எதிரில் இருப்பவர் மூச்சு வாங்குவதைக்கூடக் கவனித்தார். இனியவன் கண்ணாடியை எத்தனைமுறை தொட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஓர் ஆள் இன்னோர் ஆளை இவ்வளவு அக்கறையாகப் பார்க்க முடியுமா என்று இருந்தது எனக்கு. போன மார்கழியில் நான் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்தேன். எட்டு நாள் கழித்து, ஆர்த்தி சொல்லித்தான் பார்த்தார். அதற்காக அப்போது கோபப்பட்டிருந்தேன். இப்போது கோபம் வரவில்லை. இந்த மனிதரை எனக்கு அறிமுகமே இல்லை என்று மட்டும் தோன்றியது. நான் பூட்டி வைத்தது எதை?

மத்தியானத்துக்குள் அவர் பக்கம் காசுக்குப் பதிலாக அடுக்கியிருந்த வில்லைகள் பாதியாகின. மூன்று மணிக்கு அதிலும் பாதி. பூவரசன் தன் பங்கை இழந்துவிட்டு, வெளியே மாரியப்பனோடு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குள் ஏதோ மெல்ல இளகியது. வரப்போகும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டேன். காலை பஸ், மேல்சித்தாமூர், அவர் போட்டிருந்த இதே வெள்ளைச் சட்டை.

நாலேமுக்கால் மணிக்கு அது வந்தது. அவர் கையில் ஆர்ட்டின் ஆறும் ஆர்ட்டின் ஜாக்கியும். நடுவில் திறந்த நான்கில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஓர் ஆர்ட்டின் வந்தால் ஐந்தும் ஒரே இனம். இனியவன் பெரிய தொகையைத் தள்ளினார். என் கணவர் தன் முன்னால் இருந்த எல்லாவற்றையும், இரண்டு கையாலும், குழந்தையைத் தண்ணீரில் இறக்குவதுபோல முன்னால் நகர்த்தினார். அதற்குமேல் பந்தயம் கட்ட எதுவும் இல்லை என்பதால் இருவரும் சீட்டைத் திருப்பிக் காட்டினார்கள். இனியவனிடம் இரண்டு ராஜாக்கள், இரண்டும் வேறு இனம்; இப்போதைக்கு அவர் கைதான் பெரிது.

ஒரே ஒரு சீட்டு பாக்கி. என் மனம் தன்பாட்டுக்குப் போட்டுப் பார்த்தது. ஐம்பத்திரண்டில் எட்டு கண்ணுக்குத் தெரிகிறது. மீதி நாற்பத்து நான்கு. அதில் ஆர்ட்டின் ஒன்பது. ஒன்பது சீட்டு அவருடையது, முப்பத்தைந்து என்னுடையது. ஐந்து தடவை நடந்தால் நாலு தடவை நான்தான். கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டதுபோல இருந்தது. வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் கழுத்தைப் பார்த்தேன். பின்கழுத்தில், முடி முடிகிற இடத்தில், ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. சீட்டை எடுக்கும் கை கட்டை நோக்கிப் போனது. அந்த ஒரு நொடியில் நான் எதை வேண்டினேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் தெரியும்.

ஆர்ட்டின் இரண்டு.

"வந்துடுச்சு!" என்று ஒரு குரல் கேட்டது. பெண் குரல். அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். என் இரண்டு கையும் அவர் தோளை அழுத்திப் பிடித்திருந்தன.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முழுசாக, கண்ணுக்குள். கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு பார்வை இல்லை. "பாத்தியா ப்ரியா, பாத்தியா," என்றார். இனியவன் மேசையைத் தட்டி, "மேடம்தான் ராசி" என்றார். அதற்குப்பின் முக்கால் மணிநேரம் அவர் தொட்டதெல்லாம் ஜெயித்தது. நான் வேடிக்கை பார்த்தேன். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. ஒரு வினையைச் செய்வது, செய்விப்பது, செய்வதற்கு மனத்தால் உடன்படுவது, மூன்றுக்கும் பலன் ஒன்றுதான். விரல் விரலாக மடக்கிச் சொல்லுவோம். மூன்றாவதற்கு மோதிர விரல்.

திரும்பும்போது காரில் ஒரே சத்தம்.

"ஒண்ணரைய எடுத்துக்கினு போயி நாலாக்கிக்கினு வர்றான்யா," என்றார் பூவரசன். "நான் மட்டும் வெறுங்கையோட போறேன். டீச்சர், அடுத்தவாட்டி என் பின்னாலயும் ஒரு மணிநேரம் உக்காருங்க. புண்ணியமா போவும்."

"உன் பின்னால உக்காந்தா அவங்களுக்கும் பேஜாருதான்," என்றார் மாரியப்பன்.

அடுத்தமுறை நான் வருவேனா என்று யாரும் கேட்கவில்லை.

பச்சைப் பலகைக்குச் சற்று முன்னால், வழக்கம்போல, மாரியப்பன் காரை ஓரம் கட்டினார். பொழுது சாய இன்னும் கால் மணிநேரம் இருந்தது. என் கணவர் சாலையோரத்தில் குத்துக்காலிட்டு அமர்ந்து, நான் பரிமாறிய எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டார். தூரத்தில் உப்புக் குவியல்கள் வெளுத்துக் கிடந்தன. மேற்கே பார்த்துப் பார்த்து, வேகமாக, ஆனால் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கு. நீயும் ஜல்தியா சாப்பிடு, பொழுது போயிரப் போவுது," என்றார்.

நான் டப்பாவை மூடி வைத்தேன். "அந்த விரதம்..." என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கள்ளமே இல்லாத முகம். "தோத்தாதானே சொன்னேன்? நான் சொன்ன வார்த்தைய என்னைக்காவது மீறியிருக்கேனா?"

"இல்லைங்க," என்றேன்.

கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்தார். மாரியப்பன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"வேணாம் மாரி. இனிமே இவ வச்சிக்கட்டும். இவளுக்கு எந்த விரதமும் இல்லையே."

என் மடியில் வைத்தார். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. கார் கிளம்பியது. விழுப்புரம் மாவட்டம் தங்களை அன்புடன் வரவேற்கிறது என்ற பலகை விளக்கொளியில் ஒருமுறை மின்னிப் பின்னால் போனது. அவர் இரண்டு கையையும் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டார். சுத்தமான, ஈரம் காயாத கைகள். சிறிது நேரத்தில் கண்ணை மூடித் தூங்கிப்போனார். மரக்காணத்துக்குள் நுழையும் இடத்தில் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. கார் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் என் கைக்குள் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல இடித்துக்கொண்டன. சத்தம் கேட்காதபடி பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.